வெந்நீரும் நிலக்கரியும்

கூழே உணவானாலும் குளித்த பின்னரே உண்ண வேண்டும். கந்தையே உடையானாலும் கசக்கிய பின்னரே கட்ட வேண்டும் என்பது தமிழர் வழிவழியாகப் போற்றிவரும் பழமொழியின் கருத்து. வறுமை தூய்மைக்குத் தடையாகாது என்னும் நம்பிக்கை அதனுள் அடங்கியுள்ளது. ஆயினும், அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஓர் ஆறும், ஒரு குளமும், ஆண்டு முழுவதும் காயும் வெயிலும் இருக்கின்றன. ஆற்றில் குளிப்பவனுக்கு விறகு தேவையில்லை. வெயிலில் துணி உலர்த்துபவளுக்குக் காசு தேவையில்லை.

குளிர்நாட்டுத் தொழில் நகரத்தில் வாழ்ந்த ஏழைக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. பனிக்காலத்தில் அவன் உடல் தூய்மை பெற வேண்டுமானால் எங்கேனும் ஒரு கொதிகலன் எரிய வேண்டும். அந்த நெருப்புக்கு விலை கொடுப்பவர் யார் என்ற கேள்வி 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதன் புகைக்குப் பொறுப்பேற்பவர் யார் என்ற கேள்வி 21ஆம் நூற்றாண்டில் எழுந்துள்ளது. பிரிட்டனின் பொது நீராடு நிலையங்கள், இன்று பொழுதுபோக்கு மையங்களாக வளர்ந்து நிற்பவை, இவ்விரு கேள்விகளுக்கும் நடுவே நடந்துவந்த பாதையைக் காண்பது பயனுடையதாகும்.

கிட்டி வில்கின்சனின் கொதிகலன்

1832ஆம் ஆண்டு லிவர்ப்பூல் நகரைக் காலரா என்னும் கொடிய நோய் தாக்கியது. துறைமுகத்தை ஒட்டிய சந்துகளில், நிலவறைகளிலும் ஒற்றை அறைகளிலும் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த காலம் அது. நோயாளியின் படுக்கையையும் உடைகளையும் வெளுப்பதற்கு அவர்களிடம் போதிய நீரும் இல்லை. நீரைக் காய்ச்ச வழியும் இல்லை.

அயர்லாந்தில் பிறந்து, சிறுமியாக இருந்தபோதே லிவர்ப்பூலுக்கு வந்து சேர்ந்த கிட்டி வில்கின்சன் என்னும் உழைக்கும் பெண்மணியின் வீட்டில் ஒரு கொதிகலன் இருந்தது. அக்கம்பக்கத்தார் தம் துணிகளை அங்கே கொண்டுவந்து வெளுத்துக்கொள்ள அவர் இடமளித்தார். வாரத்திற்கு ஒரு பென்னி பெற்றுக்கொண்டார். துணிகளிலுள்ள நோய்நச்சை நீக்கச் சுண்ணாம்புக் குளோரைடைப் பயன்படுத்தினார். நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவியல் இன்னும் உருப்பெறாத காலத்தில், வெந்நீர் உயிர் காக்கும் என்பதை அந்த எளிய பெண்மணி செயலால் மெய்ப்பித்தார்.

அவருடைய முயற்சிக்கு நகரத்தின் செல்வர் சிலர் துணை நின்றனர். 1842ஆம் ஆண்டு பிரெடெரிக் தெருவில் குளியலறைகளும் சலவைக்கூடமும் ஒருங்கே அமைந்த பொது நிலையம் ஒன்றை லிவர்ப்பூல் மாநகராட்சி திறந்தது. 1846இல் கிட்டியும் அவர்தம் கணவரும் அதன் மேற்பார்வையாளராக அமர்த்தப்பெற்றனர். 1860இல் மறைந்த அப்பெண்மணியின் சிலை, லிவர்ப்பூலின் செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தில் 2012இல் நிறுவப்பெற்றது.

ஒரு வீட்டின் அடுப்பில் தொடங்கிய பணி ஊரின் பொதுப்பணியாக மாறியது என்பதே இவ்வரலாற்றின் முதற்செய்தி. நூறு வீடுகளில் நூறு அடுப்புகள் எரிவதைவிட ஒரே இடத்தில் ஒரு பெரிய கொதிகலன் எரிவது சிக்கனமானது என்னும் உண்மையும் அதனுள் அடங்கியிருந்தது. எரிபொருளைப் பகிர்ந்துகொள்வதே ஏழையின் சிக்கனம்.

சட்டமும் புகைபோக்கியும்

அதே 1846இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நீராடு நிலையங்கள், சலவைக்கூடங்கள் பற்றிய சட்டத்தை நிறைவேற்றியது. இச்சட்டம் எந்த ஊரையும் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பும் ஊராட்சிகள் வரிப்பணத்தைக் கொண்டு நீராடு நிலையங்கள் கட்டிக்கொள்ள அது இசைவளித்தது. உழைக்கும் மக்களுக்கான குளியலறைகளின் எண்ணிக்கை, உயர்வகுப்புக் குளியலறைகளின் எண்ணிக்கையைப்போல் இரு மடங்குக்குக் குறையக்கூடாது என்றும் விதித்தது. எளியோருக்கான கட்டணத்திற்கும் சட்டம் உச்சவரம்பு வைத்தது: தண்ணீர்க் குளியலுக்கு ஒரு பென்னி, வெந்நீர்க் குளியலுக்கு இரண்டு பென்ஸ்.

இந்த ஒரு பென்னி வேறுபாடு உற்று நோக்கத்தக்கது. தண்ணீருக்கும் வெந்நீருக்கும் இடையே நிலக்கரி நிற்கிறது. அந்த நிலக்கரியின் விலையை ஏழையின் கைக்கு எட்டும் அளவில் நிறுத்திவைத்து, எஞ்சிய சுமையை ஊர் ஏற்றுக்கொண்டது. வெப்பம் என்பது கடைச்சரக்காக மட்டும் இராமல் பொதுவுடைமையாகவும் ஆகலாம் என்ற எண்ணம் அச்சட்டத்தில் வேர்கொண்டது.

1878இல் வந்த திருத்தச் சட்டம் கூரையிட்ட நீச்சற்குளங்களைக் கட்ட வழி செய்தது. பனிக்கால மாதங்களில் குளத்தை மூடி, அதன்மீது பலகை பரப்பி, உடற்பயிற்சிக்கும் பிற நல்ல பொழுதுபோக்குகளுக்கும் பயன்படுத்தவும் அது இடமளித்தது. இன்றைய பொழுதுபோக்கு மையத்தின் முதல் வடிவத்தை அப்பலகைத் தளத்திலேயே காணலாம். நீந்துவோர் குறைந்த பனிக்காலத்தில் கட்டிடம் வீணாகாமல் ஊருக்கு உழைத்தது. பெருங்குளத்து நீரைச் சூடாக்கும் செலவும் மிஞ்சியது.

அன்றைய நீராடு நிலையங்களை ஊரார் அடையாளம் கண்டது அவற்றின் உயர்ந்த புகைபோக்கியால்தான். செங்கல் முகப்பு, வண்ணக் கண்ணாடி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வாயில், பின்புறம் விண்ணை நோக்கி எழுந்த புகைபோக்கி என்பதே அவற்றின் பொதுத்தோற்றம். அப்புகையைக் குற்றமாக எவரும் கருதவில்லை. அது வெந்நீரின் அறிகுறியாகவே விளங்கியது.

மான்செஸ்டரின் மூன்று குளங்கள்

1906இல் மான்செஸ்டர் மாநகராட்சி திறந்த விக்டோரியா நீராடு நிலையம் அக்காலப் பெருமிதத்தின் உச்சம். அங்கே மூன்று குளங்கள் இருந்தன: முதல் வகுப்பு ஆண்களுக்கு ஒன்று, இரண்டாம் வகுப்பு ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. நிலையத்தின் சொந்தக் கிணற்றிலிருந்து எடுத்த தூய நீர் முதலில் முதல் வகுப்பு ஆண்களின் குளத்தை நிரப்பியது. அவர்கள் நீந்திய பின், அதே நீர் இரண்டாம் வகுப்பு ஆண்களின் குளத்திற்குச் சென்றது. கடைசியாகப் பெண்களின் குளத்தை அடைந்தது.

இதில் இரு செய்திகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, காய்ச்சிய நீரை ஒரே முறை பயன்படுத்தி வீணே கழித்துவிடக் கூடாது என்னும் சிக்கனம். மற்றொன்று, அச்சிக்கனத்தின் சுமையை இரண்டாம் வகுப்பாரும் பெண்களும் தாங்க வேண்டும் என்னும் அநீதி. அக்காலத்துப் பிற நிலையங்களிலும் இதே முறை வேறு வடிவில் நிலவியது. வாரத்தில் ஓரிரு முறையே குளத்து நீர் மாற்றப்பட்டது. புதுநீர் நிரப்பிய நாளில் கட்டணம் மிகுதி. நீர் கலங்கிய நாளில் கட்டணம் குறைவு. காசு குறைந்தவன் கலங்கிய நீரில் நீந்தினான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் நீரை இடையறாது வடிகட்டித் தூய்மை செய்யும் பொறிகள் பரவின. நீரை வாரந்தோறும் கொட்டிவிட்டுப் புதுநீரைக் காய்ச்ச வேண்டிய தேவை ஒழிந்தது. நீர் தூய்மையாயிற்று, வெப்பமும் சேமிக்கப்பட்டது, கலங்கிய நீர் நாளும் மறைந்தது. நல்ல பொறியியல், சிக்கனத்தையும் சமத்துவத்தையும் ஒருசேர வளர்க்கக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

கண்ணாடி மாளிகைகள்

1952ஆம் ஆண்டு இலண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டம் பல்லாயிரம் உயிர்களைப் பலிகொண்டது. அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. நிலக்கரிக் கொதிகலன்கள் படிப்படியாக எண்ணெய்க்கும் எரிவாயுவிற்கும் மாறின. 1965இல் வடகடலில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டதும் மாற்றம் விரைவு பெற்றது. புகைபோக்கிகளின் கரும்புகை மறைந்தது. புகை கண்ணுக்குத் தெரியாமற் போனதால், அது அறவே இல்லாமற் போயிற்று என்ற மயக்கமும் உண்டாயிற்று.

இந்த மயக்கத்தில் எழுந்தவையே புதிய பொழுதுபோக்கு மையங்கள். 1967இல் திறக்கப்பட்ட பில்லிங்ஹம் மன்றத்தில் நீச்சற்குளம், பனிச்சறுக்குத் தளம், விளையாட்டுக்கூடம், நாடக அரங்கு ஆகியன ஒரே வளாகத்தில் அமைந்தன. வேதிப்பொருள் ஆலைகள் செலுத்திய வரி அவ்வூர் மன்றத்திற்கு வளம் சேர்த்திருந்தது. 1970களில் அலை எழும் குளங்களும், வெப்பமண்டலச் செடிகள் சூழ்ந்த நீச்சல் மண்டபங்களும் தோன்றின. 1974ஆம் ஆண்டு ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகள் மாற்றியமைக்கப்பட்டன. தம் பெயர் மறைவதற்குள் ஊருக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பிவிட வேண்டும் எனப் பல மன்றங்கள் விரைந்து கட்டின.

அவற்றின் சுவர்கள் மெல்லியவை. கண்ணாடிப் பரப்போ மிகப் பெரியது. எரிவாயு மலிவாக இருக்கும் வரை எவரும் அதைக் குறையாக எண்ணவில்லை. 1973ஆம் ஆண்டு அக்டோபரில் எழுந்த எண்ணெய் நெருக்கடி முதல் எச்சரிக்கையாக வந்தது. ஆனால் கட்டிடங்கள் ஏற்கெனவே எழுந்துவிட்டன. ஒரு தலைமுறை கட்டிய சுவருக்கு அடுத்த இரு தலைமுறைகள் எரிபொருள் செலுத்த வேண்டியதாயிற்று.

வெப்பம் வெளியேறும் வழி

நீச்சற்குளம் ஏன் இவ்வளவு எரிபொருளை விழுங்குகிறது? குளத்தின் அடியிலோ பக்கச் சுவர்களிலோ கசியும் வெப்பம் சிறிது. பெரும்பங்கு நீரின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகவே வெளியேறுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது அது கவர்ந்து செல்லும் வெப்பம், ஏறத்தாழ 580 லிட்டர் நீரை ஒரு டிகிரி குளிரச் செய்யப் போதுமானது. இரவும் பகலும் ஆவி எழுந்துகொண்டே இருப்பதால் கொதிகலனும் ஓயாமல் எரிய நேர்கிறது.

அந்த ஆவி குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீர்த்துளியாகிக் கட்டிடத்தை அரிக்கும். அதைத் தடுக்க, ஈரக்காற்றை வெளியேற்றிவிட்டு வெளியிலுள்ள குளிர்காற்றை உள்ளிழுத்துச் சூடாக்குவர். குளத்து நீர் 28 டிகிரி அளவில் இருந்தால், மண்டபத்துக் காற்று அதனினும் ஒரு டிகிரி மிகுதியாக இருக்க வேண்டும். காற்று உலர்ந்ததாக இருக்கும்போது நீர் மேலும் விரைவாக ஆவியாகும். இவ்வாறு செலவு செலவையே வளர்க்கும்.

2008இல் பிரிட்டன் பருவநிலை மாற்றச் சட்டத்தை இயற்றியது. 2050ஆம் ஆண்டுக்குள் நிகரக் கரிம வெளியேற்றத்தை முற்றும் ஒழிப்பது என 2019இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. 2018 நவம்பரில் பிரிஸ்டல் நகர மன்றம் பருவநிலை நெருக்கடியை அறிவித்தது. பல மன்றங்கள் அதனைப் பின்பற்றின. அறிவித்த மன்றங்கள் தத்தம் கணக்கேடுகளைத் திறந்து பார்த்தபோது வியப்படைந்தன. சில உள்ளாட்சிகளின் நேரடிக் கரிம வெளியேற்றத்தில் 40 விழுக்காடு வரை பொழுதுபோக்கு மையங்களிலிருந்தே எழுவதாக உள்ளாட்சிச் சங்கம் எடுத்துக்காட்டியது. அலுவலகமும் ஊர்திகளும் பின்னே நிற்க, குழந்தைகள் நீந்திப் பழகும் குளமே குற்றவாளிக் கூண்டில் முன்னே நின்றது.

எழுந்த மறுமொழிகள்

இச்சிக்கலுக்கு வெவ்வேறு ஊர்கள் வெவ்வேறு மறுமொழி தேடின. முதலாவது மறுமொழி, கட்டிடத்தையே மாற்றுவது. பாஸிவ்ஹவுஸ் எனப்படும் கட்டுமான முறையில் 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் முதற் குடியிருப்பு எழுந்தது. தடித்த வெப்பக்காப்பு, மூன்றடுக்குக் கண்ணாடி, காற்று கசியாத இணைப்பு, வெளியேறும் காற்றின் வெப்பத்தைத் திரும்பப் பெறும் கருவி என்பவை அதன் உறுப்புகள். 2011இல் அந்நாட்டின் பாம்பெர்க், லூனன் ஆகிய நகரங்கள் இம்முறையில் நீச்சற்குளங்களை அமைத்தன.

பிரிட்டனில் எக்ஸிட்டர் நகர மன்றம் 4 கோடியே 40 இலட்சம் பவுன் செலவில் கட்டிய செயின்ட் சிட்வெல்ஸ் பாயின்ட் மையம், 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அந்நாட்டில் பாஸிவ்ஹவுஸ் முறையில் எழுந்த முதற் பொழுதுபோக்கு மையம் அதுவே. கண்ணாடியின் உட்புறம் குளிராமல் இருப்பதால் ஆவி அதில் துளியாகப் படிவதில்லை. ஆகவே மண்டபத்துக் காற்றைச் சற்று ஈரமாகவே வைத்திருக்க இயலும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் குளத்து நீர் ஆவியாவதும் குறையும். செலவு செலவை வளர்த்த பழைய வட்டம் இங்கே திரும்பி, சேமிப்பு சேமிப்பை வளர்க்கும் வட்டமாகிறது. வழக்கமான மையத்தோடு ஒப்பிட்டால் எரிசக்தியில் 70 விழுக்காடு வரை மிஞ்சும் என்ற எதிர்பார்ப்போடு அது கட்டப்பட்டது.

இரண்டாவது மறுமொழி, வீணாகும் வெப்பத்தைத் தேடிச் செல்வது. இலண்டன் இஸ்லிங்டன் பகுதியில் 1931இல் திறக்கப்பட்ட அயன்மங்கர் ரோ நீராடு நிலையம், கிட்டி வில்கின்சனின் மரபில் வந்தது. குளியலறைகளோடும் சலவைக்கூடத்தோடும் அது பிறந்தது. 2012இல் அது அப்பகுதியின் கூட்டு வெப்ப வலையமைப்போடு இணைக்கப்பட்டது. 2020இல் அவ்வலையமைப்பு விரிவடைந்தபோது, 1922இல் மூடப்பட்ட சிட்டி ரோடு நிலத்தடி இரயில் நிலையத்தின் காற்றுப்போக்கி பயன்பாட்டுக்கு வந்தது. சுரங்கத்தில் ஓடும் இரயில்கள் வெளிவிடும் வெதுவெதுப்பான காற்றிலிருந்து வெப்பப் பம்பு என்னும் பொறி வெப்பத்தைப் பிரித்தெடுத்து நீருக்கு ஏற்றுகிறது. வீட்டுக் குளிர்பதனப் பெட்டி தன் உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளும் அதே தத்துவம் இது. இரயில் பயணிகளுக்குத் தொல்லையாக இருந்த வெப்பம், குளத்திற்கும் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கும் செல்வமாயிற்று.

டெவன் மாவட்டத்து எக்ஸ்மத் நகரில் 2023இல் இதனினும் சிறிய ஒரு முயற்சி நடந்தது. சலவைப் பொறி அளவுள்ள கணினித் தொகுதி ஒன்று குளத்தின் பொறியறையில் வைக்கப்பட்டது. கணினியைக் குளிர்விக்கும் எண்ணெய் ஏற்ற வெப்பம் குளத்து நீருக்கு மாற்றப்பட்டது. கார்ன்வால் கடற்கரையிலுள்ள பென்சான்ஸ் நகரமோ நிலத்தின் ஆழத்தை நாடியது. 1935இல் திறக்கப்பட்ட அதன் கடல்நீர்க் குளத்தின் ஒரு பகுதிக்கு, 410 மீட்டர் ஆழமுள்ள கிணற்றிலிருந்து பெறும் புவிவெப்பம் 2020 முதல் பயன்படுத்தப்பட்டது.

எல்லா ஊர்களும் புதுக் கட்டிடம் எழுப்ப இயலாது. இருக்கும் குளத்தை இரவில் விரிப்பிட்டு மூடுதல், பம்புகளின் வேகத்தைத் தேவைக்கேற்பக் குறைத்தல், எரிவாயுக் கொதிகலனுக்குப் பதில் வெப்பப் பம்பு பொருத்துதல் ஆகியவை நடுத்தர வழிகள். 2024 செப்டம்பர் 30ஆம் நாள் பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது. ஆதலின், அந்நாட்டில் மின்சாரத்தால் நீரைச் சூடாக்குவது முன்னைக் காட்டிலும் தூய்மையான செயலாகியுள்ளது.

மூடுவது சிக்கனமாகுமா?

இவற்றையெல்லாம்விட எளிதான வழி ஒன்று உண்டு. குளத்தை மூடிவிட்டால் அதன் கரிம வெளியேற்றம் மறுநாளே சுழியாகும். 2022இல் எரிவாயு விலை உயர்ந்தபோது பல மன்றங்களை இவ்வெண்ணம் பற்றிக்கொண்டது. செலவைத் தாங்க இயலாமல் கேட்ஸ்ஹெட் நகர மன்றம் 2023 ஜூலையில் இரு மையங்களை மூடியது. அவ்வூர் மக்கள் அவற்றை மீண்டும் திறக்க வேண்டி இயக்கம் நடத்தினர். அதே ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்தின் பொதுக் குளங்களுக்கென அரசு 6 கோடியே 30 இலட்சம் பவுன் ஒதுக்கியது. பொதுக் கட்டிடங்களின் வெப்ப அமைப்பை மாற்ற 2020இல் தொடங்கிய பெரிய உதவித் திட்டமோ 2028க்குப் பின் தொடராது என 2025இல் அறிவிக்கப்பட்டது.

மூடிய குளம் கணக்கேட்டில் நல்ல எண்ணாகத் தோன்றும். ஆனால் கணக்கேட்டில் ஏறாத செலவுகள் பல. இங்கிலாந்தின் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம், மாணவர் பள்ளியை விட்டு நீங்குமுன் 25 மீட்டர் தொலைவு நீந்தக் கற்றிருக்க வேண்டும் என விதிக்கிறது. சொந்தக் குளமில்லாத பள்ளிக்கு ஊர்க்குளமே வகுப்பறை. அது மூடப்பட்டால் வசதியுள்ளவர் தனியார் குளத்திற்குக் காரோட்டிச் செல்வர். அந்தக் காரின் புகை மன்றத்தின் கணக்கில் வராது. வசதியில்லாத குழந்தை நீந்தக் கல்லாமலே வளரும்; அந்த இழப்பு எவர் கணக்கிலும் வராது. மான்செஸ்டரில் கடைசி நீர் யாருக்குக் கிடைத்ததோ, அவர்களிடமே சிக்கனத்தின் சுமை மீண்டும் போய்ச் சேரும்.

கரிமத்தைக் குறைப்பது கட்டாயக் கடமை. அக்கடமையை நிறைவேற்றும் முறையிலேயே நீதியும் அநீதியும் பிரிகின்றன. வடிகட்டும் பொறி வந்தபோது நீர் கொட்டப்படுவது நின்றது, குளியல் நிற்கவில்லை. தூய காற்றுச் சட்டம் வந்தபோது கரும்புகை நின்றது, வெந்நீர் நிற்கவில்லை. எக்ஸிட்டரும் இஸ்லிங்டனும் அந்த வழியில் நடந்தன. எரிபொருளை மாற்றின, கதவைச் சாத்தவில்லை.

வெப்பமண்டல நாடுகளுக்கும் இதில் பாடம் உண்டு. அயன்மங்கர் ரோ திறக்கப்பட்ட அதே 1931இல், சிங்கப்பூர் நகராட்சி எமிலி குன்றில் பழைய நீர்த்தேக்கத்தை நீச்சற்குளமாக மாற்றித் திறந்தது. பயன் முடிந்த நீர்த்தேக்கம் வீணாகாமல் மறுவாழ்வு பெற்றது. நீரைச் சூடாக்கும் பணியைச் சூரியன் ஏற்றுக்கொண்டது. வெயில் காயும் நாட்டில் எரிசக்தியை விழுங்குபவை பம்புகளும் விளக்குகளும் விளையாட்டரங்கின் குளிரூட்டிகளுமே. அங்குச் சூட்டுக்கு வழங்கிய விலை, இங்குக் குளிர்ச்சிக்கு வழங்கப்படுகிறது.

1832இல் கிட்டி வில்கின்சன் தம் கொதிகலனுக்கு எத்துணை நிலக்கரி செலவாகிறது என்று எண்ணாமல் இருந்திருக்க முடியாது. ஒரு பென்னி பெற்றுக்கொண்டதே அதற்குச் சான்று. ஆயினும், கரி மிச்சமாகும் என்பதற்காக அவர் கதவை அடைக்கவில்லை. கரிக்கணக்கைக் கருத்தில் வைத்துக்கொண்டே அண்டைவீட்டாரை உள்ளே அழைத்தார். வெந்நீரைப் பொதுவுடைமையாக்கிய தலைமுறைக்குப் பின்வந்தோர், அதனைப் புகையற்ற வெந்நீராக ஆக்கி வருந்தலைமுறையிடம் ஒப்படைப்பதே அப்பெண்மணிக்கு அவர்கள் செலுத்தும் நன்றியாகும்.